தாழ்ப்பாளும் அரசமரமும்

அந்தமானில் போர்ட் பிளேர் செல்லுலார் சிறைக்குப் போகிறவர்கள் தூக்குமேடையையும் சாவர்க்கர் அடைக்கப்பட்டிருந்த கொட்டடியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கதவின் தாழ்ப்பாளைக் கவனிப்பவர்கள் குறைவு. கம்பிக் கதவிலிருந்து பக்கவாட்டில் நீளும் இரும்புத் தண்டு, வெளிச்சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய் முடிகிறது. பூட்டு அங்கேதான் தொங்கும். உள்ளே இருப்பவன் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுத் தோள் வரை நீட்டினாலும் விரல்நுனி அந்த மாடத்துக்கு எட்டாது. வரைபடம் போட்டவர் மனிதக் கையின் நீளத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டே இதைச் செய்திருக்கிறார்.

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்த அந்தச் சிறை முழுவதும் இந்தக் கணக்குதான். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து அன்று ஏழு கிளைகள், மொத்தம் 693 கொட்டடிகள். ஒவ்வொன்றும் சுமார் 4.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். வெளிச்சம் வருவது 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு சிறு திறப்பு வழியாக. ஒரு கிளையின் முன்புறம் அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். ஒரு கைதியின் முகத்தை எதிர்வரிசைக் கைதி பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த அமைப்பு. தனிமை என்று எங்கும் எழுதி வைக்காமலே கட்டடம் அதைச் சொல்லிவிடுகிறது.

பொழுது சாய்ந்ததும் அதே முற்றத்தில் நாற்காலிகள் நிரம்புகின்றன. ஒலி-ஒளிக் காட்சி தொடங்குகிறது. முற்றத்து அரசமரம் வாய் திறந்து கதை சொல்வதாக ஏற்பாடு. மரத்துக்குக் குரல் கொடுத்தவர் ஓம் புரி. சங்கிலிச் சத்தம், சவுக்கடி, முழக்கம், சிவப்பு வெளிச்சம். எங்கே பதற வேண்டும், எங்கே நெஞ்சு நிமிர வேண்டும் என்பதையெல்லாம் இசையே நமக்கு அறிவித்துவிடுகிறது.

கலை தன் சேதியை உள்ளடக்கிச் சொல்ல வேண்டுமா, உடைத்துச் சொல்ல வேண்டுமா என்ற பழைய வழக்கை விசாரிக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. பகலில் வாய் திறக்காத கட்டடம் இரவில் ஓயாமல் பேசுகிறது.

நவீனத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் தாழ்ப்பாளின் கட்சியைச் சேர்ந்தவர்கள். கு.ப.ரா., மௌனி என்று தொடங்கும் ஒரு மரபு, சொல்லாமல் விட்டதில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்று நமக்குப் பழக்கியிருக்கிறது. ‘பிரச்சாரம்’ என்ற ஒரே சொல்லில் ஒரு படைப்பை ஓரங்கட்டிவிடலாம் என்ற நிலையும் வந்துவிட்டது. என் சாய்வும் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தமானை வைத்து யோசிக்கும்போது இந்தச் சாய்வு அவ்வளவு எளிதாக நிற்பதில்லை.

காரணத்தைத் தொல்காப்பியத்திலிருந்தே தொடங்கலாம். உள்ளுறை, இறைச்சி என்று மறைபொருளுக்கு இலக்கணம் வகுத்த நூல் அது. மருதத்துப் பொய்கையில் எருமை இறங்கித் தாமரையை மிதித்து மேய்கிறது என்று ஒரு பாட்டு சொன்னால், பரத்தையிடம் போய்வந்த தலைவனைத்தான் அது சுட்டுகிறது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். யாரும் விளக்க வேண்டியதில்லை. காரணம், பாடியவரும் கேட்டவரும் ஒரே திணைக் கணக்கை அறிந்தவர்கள். எந்த நிலம், எந்தப் பொழுது, எந்தப் பூ என்றால் என்ன உணர்வு என்பது இருவருக்கும் பொதுச் சொத்து. அந்தச் சொத்து இல்லாதவருக்கு எருமை வெறும் எருமைதான். உரையாசிரியர் வந்து சொல்ல வேண்டும். இன்று நாம் சங்கப் பாடலைப் படிப்பதே உரையின் கையைப் பிடித்துக்கொண்டுதானே.

அதே தொல்காப்பியம் அகத்தில் ஒருவரைப் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்கிறது. புறத்துக்கு அந்தத் தடை இல்லை. புறத்தில் பாரிக்குப் பெயர் உண்டு, அதியமானுக்குப் பெயர் உண்டு. போரில் விழுந்தவனுக்குக் கல் தேடுவது முதல் நட்டு வாழ்த்துவது வரை துறை துறையாக வகுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கல் ஒன்று 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. தமிழ்-பிராமி எழுத்து, கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வெட்டியது. கூடலூர் ஆகோள் பூசலில் விழுந்த அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல் என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. வீரன் என்றில்லை, தியாகி என்றில்லை, கண்ணீர் என்றில்லை. இதைவிட வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல முடியாது. இதைவிட அடக்கமாகவும் சொல்ல முடியாது.

ஆக, நம் மரபில் இரண்டு வழியும் இருந்தது. எது எங்கே என்பதில்தான் தெளிவு இருந்தது. நெருங்கியவர்களுக்குள் நடப்பதற்குக் குறிப்பு போதும். ஊரும் வழிப்போக்கரும் வந்து நிற்கும் இடத்தில் பெயரை உரக்கச் சொல்லியாக வேண்டும். செல்லுலார் சிறை வழிப்போக்கர்களின் இடம். ஹேவ்லாக் தீவுக்குப் படகு ஏறுவதற்கு முந்தின மாலையைக் கழிக்க வந்த குடும்பத்துக்கு, 1909-இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் யாருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களிடம் தாழ்ப்பாள் எவ்வளவு பேசிவிடும்?

இங்கே வ.உ.சி.யின் செக்கை நினைத்துக்கொள்ளலாம். 1908-இல் அவருக்கு விதித்தது இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அந்தமானுக்குப் போயிருக்க வேண்டியவர் கோயம்புத்தூர், கண்ணூர் சிறைகளில் இருந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த கல்செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. இசை கிடையாது, சிவப்பு விளக்கு கிடையாது. இருந்தும் தமிழ்ப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்றால் விஷயம் புரிந்துவிடுகிறது. ஏன் புரிகிறது? ‘செக்கிழுத்த செம்மல்’ என்று பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி கணேசன் அதை இழுத்துக் காட்டியிருக்கிறார். வெளியானபோது வசூலில் தோற்ற படம் அது. ஆனால் பின்னால் வந்த இரண்டு தலைமுறைக்கு வ.உ.சி. என்றால் அந்த முகம்தான். கிண்டியில் செக்கு வாய் மூடி நிற்க முடிகிறதென்றால், அதற்கு முன்னால் ஒரு சினிமா தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது. சூசகமான கலையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கடனைக் கணக்கில் எழுதுவதில்லை.

அந்தமான் சிறைமுற்றத்திலும் செக்கு உண்டு. ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தர வேண்டும் என்பது அங்கே கைதிக்குப் போட்ட கணக்கு. மாடு ஆட்டுவதைவிட அதிகம் என்று அங்கே இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் அதன் முன்னால் நின்று கோவைச் செக்கைத்தான் பார்க்கிறார். பஞ்சாபியோ வங்காளியோ வேறொன்றைப் பார்ப்பார். ஒரே பொருள் ஆளுக்கொரு கடனை வைத்துப் பேசுகிறது.

அங்கே இருந்தவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது இன்னும் சுவையான விஷயம். அலிப்பூர் வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுப் போன மூவரை எடுத்துக்கொள்ளலாம். அரவிந்தரின் தம்பி பாரீந்திர குமார் கோஷ், உபேந்திரநாத் பந்த்யோபாத்யாய, உல்லாஸ்கர் தத்தா. உல்லாஸ்கருக்கு அங்கே சித்தம் கலங்கியது. சென்னை மனநோய் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்டுக்கணக்கில் இங்கேதான் இருந்தார். அதே சிறையில் 1912-இல் இந்துபூஷண் ராய் தூக்கிட்டு உயிரை விட்டார். இத்தனையையும் பக்கத்திலிருந்து பார்த்த உபேந்திரநாத், 1920-இல் விடுதலையாகி வந்து எழுதிய ‘நிர்வாசிதேர் ஆத்மகதா’வை வங்காளிகள் இன்றுவரை கொண்டாடுவது அதன் நகைச்சுவைக்காக. சாப்பாடு, வேலை, அதிகாரிகள், தம் கூட்டத்தாரின் வீராப்பு என்று ஒன்றையும் அவர் விடுவதில்லை. ‘பார், நான் எவ்வளவு பட்டேன்’ என்ற குரல் வராது. அழ வேண்டிய இடத்தில் எழுதியவர் சிரித்துவிட்டால் படிப்பவருக்குத் தொண்டை அடைக்கும் என்பது நல்ல எழுத்தாளர்களுக்குத் தெரிந்த வித்தை.

சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை அங்கிருந்தவர். அவர் மராத்தியில் எழுதிய ‘மாஜீ ஜன்மட்டேப்’ நேர் எதிர்த் திசை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு பாடம், ஒரு கட்சி, ஒரு முடிவு. இரண்டில் எது வாசகரை நம்புகிறது என்று கேட்டால் என் விடை உபேந்திரநாத்தான். எது அதிகம் செல்வாக்குப் பெற்றது என்று கேட்டால் விடை வேறு. அந்த ஊர் விமான நிலையத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும்.

தமிழ்ச் சினிமாவுக்கு அந்தமான் வெகுகாலம் ஊரே அல்ல. ஒரு தண்டனையின் பெயர். கு.சா. கிருஷ்ணமூர்த்தியின் நாடகத்திலிருந்து 1952-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த ‘அந்தமான் கைதி’க்கு அந்தப் பெயரே போஸ்டரில் பாதி வேலையைச் செய்துவிட்டது. 1978-இன் ‘அந்தமான் காதலி’க்குக் கடலும் தென்னையும் போதுமாக இருந்தன. அதில் சேதி இல்லையே என்று குறைப்பட நான் வரவில்லை. காதல் படம் காதல் படமாக இருக்கட்டும்.

பிரியதர்ஷனின் ‘காலாபானி’ 1996-இல் தமிழில் ‘சிறைச்சாலை’யாக வந்தது. இந்தச் சர்ச்சைக்கு அது முக்கியமான சாட்சி, ஏனென்றால் ஒரே படத்துக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று கொடுமைகளின் வரிசை. வார்டராக வரும் அம்ரீஷ் புரியின் காலணியை மோகன்லாலின் பாத்திரம் நாவால் துடைக்கும் காட்சியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். இன்னொன்று சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவிலும் சாபு சிரிலின் கலை இயக்கத்திலும் இருக்கிறது. இருவருக்குமே தேசிய விருது கிடைத்தது. ஈரச் சுவர், உயரத் திறப்பிலிருந்து இறங்கும் வெளிச்சம், நீண்டுகொண்டே போகும் வராந்தா. முதல் படம் கொடுமைக்கு ஒரு முகம் தருகிறது. அந்த முகத்தின் மேல் கோபப்பட்டு, அது தண்டிக்கப்பட்டதும் நாம் எழுந்து வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது படத்தில் முகம் கிடையாது. எந்த ஜெயிலர் செத்தாலும் அந்தத் தாழ்ப்பாள் அதே இடத்தில் இருக்கும்.

இதிலிருந்து உரத்த கலையே வேண்டாம் என்று முடிவு கட்டினால் அது தவறு. ‘அந்தமான் கைதி’ வந்த அதே 1952-இல்தான் ‘பராசக்தி’யும் வந்தது. அதன் நீதிமன்ற வசனத்தில் மறைபொருள் என்று எதுவுமே இல்லை. ஆனால் அதுவரை பொதுமேடையில் யாரும் தங்கள் சார்பில் உடைத்துப் பேசிக் கேட்டிராத மக்கள் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறக்கவே விடாமல் வைத்திருந்த ஒருவரிடம் போய், கொஞ்சம் பூடகமாகப் பேசுங்கள், கலையழகு கூடும் என்று சொல்வது அராஜகம். பூடகம் சில சமயம் வசதிபடைத்தவர்களின் ருசி.

ஆனால் அரசாங்கத்தின் உரத்த குரல் வேறு ரகம். அதற்கு வாய் திறக்கத் தடை ஏதும் இல்லை. 1979 பிப்ரவரி 11 அன்று மொரார்ஜி தேசாய் இந்தச் சிறையைத் தேசிய நினைவிடமாக அர்ப்பணித்தார். பிற்பாடு வளாகத்தில் எரியத் தொடங்கிய சுதந்திர ஜோதியின் அருகே சாவர்க்கரின் வாசகம் ஒன்று பலகையில் இருந்தது. 2004-இல் பெட்ரோலியத் துறை அமைச்சராக இருந்த மணிசங்கர் அய்யர் அதை எடுக்கச் சொன்னார். அந்த இடத்துக்குக் காந்தியின் வாசகம் வந்தது. நாடாளுமன்றம் ரகளையானது. ஆட்சி மாறிய பிறகு சாவர்க்கர் பலகை திரும்பி வந்தது. எந்த வாசகம் பொருத்தம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பொன்மொழிப் பலகை என்பது அமைச்சரோடு வந்து அமைச்சரோடு போகும் என்பது மட்டும் தெரிகிறது. நடுக்கோபுரத்துப் பளிங்குக் கற்களில் மாகாண வாரியாக வெட்டியிருக்கும் கைதிகளின் பெயர்கள் இந்த ரகளையிலெல்லாம் சேராமல் நிற்கின்றன. புலிமான்கோம்பைக் கல்லின் தம்பிகள் அவை.

உரத்த கதைக்கு இன்னொரு சங்கடம் உண்டு; அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்கு வில்லன் ஒருவன் போதும், இரண்டு பேர் இருந்தால் கதை குழம்பிவிடும்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தார்கள். 1945 அக்டோபர் வரை இருந்தார்கள். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றினார். பள்ளிப் புத்தகம் முதல் தீவுக்குப் புதுப்பெயர் சூட்டும் விழா வரை எல்லாரும் சொல்வது இந்தக் காட்சியை. அந்த நாளில் அதே ஊர்ச் சிறையில் டாக்டர் திவான் சிங் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்தார். பஞ்சாபிக் கவிஞர், 1927-இல் மருத்துவராக அந்தமானுக்கு மாற்றலாகி வந்து, ‘காலேபானி’ என்பதையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 1938-இல் வந்த அவருடைய ‘வக்தே பாணி’ பஞ்சாபிப் புதுக்கவிதைக்கு முன்னோடி நூல்களில் ஒன்று. ஓடும் தண்ணீர் என்று பொருள். கறுப்புத் தண்ணீரைக் கட்சிப் பாட்டாக்காமல், நிற்காமல் ஓடுவது பற்றி எழுதினார். போஸ் தலைமையேற்றிருந்த இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்ப் பொறுப்பில் இருந்தவரையே ஜப்பானியர் ஒற்றர் என்று பிடித்தார்கள். 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் அந்த லீகைச் சேர்ந்தவர்கள்தான்.

பிரிட்டிஷார் கட்டிய கொட்டடி, ஜப்பானியர் போட்ட பூட்டு, உள்ளே இந்திய சுதந்திர லீகின் ஆள். வெள்ளைக்காரன் கெட்டவன், அவனை எதிர்த்தவன் நல்லவன் என்று வடிவமைத்த எந்தக் காட்சியாலும் இதைத் தாங்க முடியாது. ஜப்பானியர் காலத்துக்குப் பொதுக்கதையில் கிடைக்கும் இடம் சின்னதாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். திவான் சிங்கைச் சொல்ல வேண்டுமென்றால் எப்படி உணர வேண்டும் என்று உத்தரவு போட முடியாது. நடந்ததைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

சூசகத்தின் பெயரால் நடக்கும் மறைப்பும் இதே ஊரில் இருக்கிறது. 1859 மே 17 அன்று அந்தமான் பழங்குடிகள் அபர்தீனில் பிரிட்டிஷ் முகாமைத் தாக்கினார்கள். அவர்களோடு வாழ்ந்து திரும்பிய துத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டதால் தாக்குதல் தோற்றது. அந்தக் கதையிலும் வில்லன் கணக்கு சரிவராது. காட்டிக் கொடுத்தவன் நாடு கடத்தப்பட்ட இந்தியன். ஊரில் இதற்கு ஒரு சிறு நினைவுச் சின்னம் உண்டு. தேடிப் போகிறவருக்குத்தான் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவில் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் இன்று ஐம்பது, அறுபது பேர். ‘போ’ மொழி பேசிய கடைசி மனுஷி போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று இறந்தார். குடியரசு தினத்தன்று. அவர் பாட்டையும் பேச்சையும் மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்ததால் குரலாவது மிஞ்சியது. இந்த விஷயத்தில் அடக்கி வாசிப்பது கலைநயமாகாது, மழுப்பல்தான்.

சேதி யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. நிகோபாரிகளின் ஹென்டா பலகைகளை இதே ஊர் மானுடவியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சூரியன், சந்திரன், கப்பல், மீன், மனித உருவம் என்று வரைந்த மரப் பலகைகள். வீட்டில் நோய் வந்தால் மந்திரவாதி சொல்லிச் செய்யவைப்பது. நோய் தரும் ஆவிக்கு எதிரே வைப்பது. அதன் சேதி மனிதருக்கே இல்லை, ஆவிக்கு. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே நின்று அதன் உட்பொருள் என்ன என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்வதைப் பார்த்தால் செய்தவர் சிரிப்பார்.

பெயரை வைத்தே ஒரு கலைவேலை நடந்திருக்கிறது என்பதற்குத் தெற்கு அந்தமான் பேருந்து வழித்தடம் சாட்சி. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு நாடு கடத்தப்பட்டு வந்தவர்கள் குடியேறிய ஊர்களுக்குக் காலிகட், மஞ்சேரி, திரூர், வண்டூர் என்றே பெயர். விட்டு வந்த ஊரைப் பற்றி ஒப்பாரி எழுதவில்லை. பெயரை மட்டும் நட்டுவிட்டுப் பயிர் வைத்தார்கள். 2018-இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது, நீல் ஷஹீத் தீவானது. 2024-இல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜய புரமானது. முன்னதில் பெயர் ஒரு நினைவு, பின்னதில் பெயர் ஒரு முழக்கம். மலப்புறத்துக்காரருக்கு மட்டும் முழுதாகப் புரியும் முதல் வகையும் தேவை. யாருக்கும் புரியும் இரண்டாம் வகைக்கும் ஓர் இடம் இருக்கலாம். ஆனால் முழக்கம் மட்டுமே மிஞ்சினால் மஞ்சேரி ஏன் மஞ்சேரி என்று கேட்க ஆளிருக்காது.

ஒலி-ஒளிக் காட்சியை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. அரசமரம் பேசட்டும், வழிப்போக்கருக்குச் சொல்ல ஆள் வேண்டும். வயலினையும் உரிச்சொற்களையும் பாதியாகக் குறைத்தால் நேரம் மிச்சமாகும். இந்துபூஷண் ராய், 1933 உண்ணாவிரதத்தில் இறந்த மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மோய்த்ரா, பிறகு திவான் சிங் என்று பெயர், ஊர், இறந்த தேதி மட்டும் சொல்லலாம். ஹம்ப்ரிகஞ்சின் 44 பெயர்களையும் சேர்த்து நிதானமாக வாசித்தால்கூட நான்கைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.